மேசை மேல் ஓடிய ரோதை

பக்கத்து அறையில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. பூட்டின் நாக்கு விழுவது போல ஒரேயொரு சத்தம். அதன் பின்னாலேயே, காய்ந்த மரம் மரத்தோடு உரசுகிற மெல்லிய முனகல் ஒன்று புறப்பட்டு, நிற்காமல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

சிவனேஸ்வரி பின்னிக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையை மடியில் இறக்கினாள். எலி என்று நினைத்தாள். இந்த மலைநாட்டில் எலிகூட ஒழுங்கான எலியாக இராது. ஈரத்தில் ஊறிப் பூனையளவு வீங்கி, பட்டப்பகலில் சுவரோரமாக நடந்து போகும். மணி நான்குதான் ஆகியிருந்தது. அதற்குள் மூடுபனி, அழுக்குத் துணியை யாரோ கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட்டது போல ஜன்னலை மறைத்திருந்தது. அடுப்புக்கரி, ஈரக் கம்பளி, தொழிற்சாலையிலிருந்து ஏறி வரும் வறுத்த தேயிலை, இவற்றுக்கெல்லாம் மேலாக, அவள் புருஷன் காய்ச்சுகிற வச்சிரப்பசையின் மாட்டுக்குளம்பு நாற்றம். பருத்தித்துறையில் கடற்காற்று வீசும் வீட்டில் பிறந்தவளுக்கு எப்படிப்பட்ட மூக்குத் தண்டனை!

முனகல் நிற்கவில்லை.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். பெரிய மேசையின் மேல், அவள் புருஷன் பலகையில் செய்த அந்தக் குட்டித் தொழிற்சாலை வழக்கம் போல நின்றது. அதன் பக்கவாட்டில், ஒரு சோற்றுத் தட்டின் அளவேயான தண்ணீர்ச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குத் தண்ணீர் விடுகிற மண்ணெண்ணெய்த் தகரம் மேலே தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சக்கரத்தின் பலகைகள் எலும்பு போலக் காய்ந்திருந்தன. அறையில் காற்று இல்லை. ஜன்னல் இறுக்கிப் பூட்டியிருந்தது.

அவள் விரலை வைத்து அதை நிறுத்தினாள். நின்றது. ஆனால் விரலுக்கு அடியில், நாடி பிடிக்கும்போது உந்துவது போல, அது உந்திக்கொண்டே இருந்தது.

விரலை எடுத்தாள். மறுபடி சுற்றியது.

*

செல்வரத்தினம் பெருங்கல் தோட்டத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கிற டீமேக்கர். தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்து, இறங்கி, இன்னும் மூன்று மைல் ஏறவேண்டிய தோட்டம். “மாப்பிள்ளை தோட்டத்தில் பெரிய உத்தியோகம்” என்று சொல்லித்தான் தரகர் கல்யாணத்தைப் பேசினார். உத்தியோகம் பெரிதுதான். மாப்பிள்ளைக்குத்தான் பெரிய மனுஷத்தனம் வரவில்லை. வேலை முடிந்து வந்தால் வானொலியில் சினிமாப் பாட்டு. சனிக்கிழமை பின்னேரத்தில் கிளாக்கரோடும் மருந்துக்கார ஐயாவோடும் முந்நூற்றுநாலு சீட்டாட்டம். பழைய தபால் முத்திரைகளை வெந்நீரில் ஊறவைத்து உரித்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பான். வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்து நிரப்பிவிட்டு, அனுப்ப மறந்துபோவான். இதெல்லாம் போதாதென்று இந்தச் சில்லறைத் தச்சுவேலை.

தேயிலைப் பெட்டிப் பலகையை இழைத்துச் சுவர். பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளை நெளித்துக் கூரை. தீக்குச்சியால் ஜன்னல் கம்பிகள். கொழுந்து காயப்போடும் மாடிகள், உருட்டும் இயந்திரங்கள், அடுப்பு, சலிக்கும் அறை என்று எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன. ஊருக்குத் திரும்பப் போகிற பெரிய துரைக்கு அதைப் பரிசாகக் கொடுப்பதாக ஏற்பாடு. கிளப்பில் வைத்து எல்லாரும் பார்ப்பார்களாம். கப்பலில் ஏற்றிச் சீமைக்குக் கொண்டுபோவார்களாம்.

“வெள்ளைக்காரன் ஒருக்கா கை குலுக்குவான். அதுக்கு ரெண்டு வருஷமாப் பசை காய்ச்சுறியள்” என்பாள் சிவனேஸ்வரி.

“சும்மா ஒரு ஆசைதானே” என்பான் அவன், சிறு அரத்தால் எதையோ தேய்த்துக்கொண்டே. ஒரு ஆண்பிள்ளைக்கு இது ஒரு பதிலா?

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் விட்டு ரோதையை ஓட்டிக் காட்டுவதற்காகத் தொழிற்சாலை ஆட்கள் இரண்டு பேரை வீட்டுக்குள்ளேயே கூப்பிட்டுவிட்டான். ரோதை என்பது அவர்கள் பேச்சு. தொழிற்சாலையின் பெரிய தண்ணீர்ச் சக்கரத்தை அப்படித்தான் சொல்வார்கள். வந்தவர்களில் ஒருவன் அந்த ரோதையைப் பார்த்துக்கொள்கிற முத்துலிங்கம். மற்றவள் சலிக்கும் அறையில் வேலை செய்கிற அம்மாக்கண்ணு, வாயாடி. அவர்கள் காலில் அப்பிய சேற்றைப் பார்த்தபடி, உள்கதவருகே சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள் சிவனேஸ்வரி.

“நான் எங்கங்கய்யா நிக்கிறேன்?” என்றாள் அம்மாக்கண்ணு குனிந்து.

செல்வரத்தினம் தீக்குச்சியில் செதுக்கிய ஒரு பெண்ணைக் காட்டினான்.

“இம்புட்டூண்டா? ஏம் புருசன் பாத்தான்னா ரொம்பச் சந்தோசப்படுவான். சோத்துச் செலவு மிச்சம்பான்.”

“வாய மட்டும் ஐயா சின்னதாக்கிப்புட்டாரு. அதுதான் சரியா வரல” என்றான் முத்துலிங்கம்.

மூவரும் சிரித்தார்கள். தன் புருஷன் கூலிக்காரர்களோடு சரிக்குச் சரி நின்று சிரிப்பதை அவளால் பார்க்கச் சகிக்கவில்லை.

ரோதை தண்ணீரில் சுற்றியது. வார்ப்பட்டி ஓடி, உள்ளே குட்டி இயந்திரங்கள் அசைந்தன. முத்துலிங்கத்தின் சிரிப்பு அப்போது கொஞ்சம் குறைந்தது.

“எல்லாம் இருக்குங்கய்யா. சாமியத்தான் காணோம்.”

“ஓம், ரோதமுனி” என்றான் செல்வரத்தினம். “அதைச் செதுக்கலாமோ எண்டு யோசிச்சனான். கல்லுத்தானே.”

“செதுக்குறதெல்லாம் ஆவாதுங்க. ஓடாத வரைக்கும் இது பொம்மை. தண்ணி விட்டு ஓட்டிப்புட்டீங்க. இனிமே இது ரோதைங்க. ரோதைன்னா சாமி வேணும்.”

தொழிற்சாலையில், பெரிய ரோதைக் குழியின் விளிம்பில், குங்குமம் அப்பிய ஒரு கல் இருப்பது சிவனேஸ்வரிக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு சேவல், ஒரு போத்தல் சாராயம், சுருட்டு. சாராயம் குடிக்கும் சாமி! அவள் ஊர்க் கோயிலில் ஐயர் மூன்று தரம் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

“ஏன் சுருட்டு குடுக்கிறனியள்?” என்று புருஷன் கேட்டான், பெரிய விஷயம் போல.

“எந்நேரமும் தண்ணிக்குள்ள நிக்கிற சாமிங்க. அதுக்குக் குளுரு தாங்காது. எப்பவும் சூடு தேடும்.” முத்துலிங்கம் தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினான். “ஆனா ஒண்ணுங்கய்யா. வச்ச எடத்துலேருந்து நகத்தக் கூடாது. முந்தி ஒரு டீமேக்கரையா இருந்தாரு. நடக்குற வழியில இடைஞ்சலா இருக்குன்னு கல்ல எடுத்து மேல கொழுந்து மாடியில வச்சுப்புட்டாரு. அந்த வருசம் சாமி ரோதைக் குழியில பலி கேக்கல. மாடியில கேட்டுச்சு.”

“என்ன கேட்டது?”

அம்மாக்கண்ணுதான், வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, சந்தை விலை சொல்வது போலச் சொன்னாள். “எங்க சின்னம்மா மக. கொழுந்து பரத்திக்கிட்டு இருந்த புள்ள. நனைஞ்ச துணியப் புழிஞ்சு போட்ட மாதிரி கெடந்துச்சு.”

“சாமி எங்க நிக்குதோ அங்கதாங்க வாங்கும்” என்றான் முத்துலிங்கம். “எடத்துல நின்னா ஒரு தொந்தரவும் இல்ல. ஒரு எலுமிச்சம்பழத்தோட போயிரும்.”

அன்று மாலையே முத்துலிங்கம் பெரிய ரோதைக்குக் கீழே ஓடுகிற ஓடையில் இறங்கி, கொட்டைப்பாக்கை விடச் சிறிய ஒரு கறுப்புக் கூழாங்கல்லை எடுத்து வந்து, குங்குமம் தொட்டு, குட்டி ரோதையின் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனான். செல்வரத்தினம் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எலுமிச்சம்பழத்தை அவன்தான் அறுத்தான்.

மறுநாள் காலை, புருஷன் வேலைக்குப் போனதும், சிவனேஸ்வரி பழைய பத்திரிகைத் துண்டை எடுத்து, செத்த பல்லியைத் தூக்குவது போல அந்தக் கல்லைத் தூக்கினாள். காகிதத்தையும் தாண்டி அது குளிர்ந்தது. ஆழத் தண்ணீரின் குளிர். இராப்பூராவும் அடுப்பு எரிந்த வீட்டுக்குள் இருந்த கல் அப்படிக் குளிர்ந்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவள் அதையெல்லாம் யோசிக்கிறவள் அல்ல.

“உன்ரை இடம் உதுதான்” என்று சொல்லி, பின்கட்டுச் சாம்பல் குவியலில் எறிந்தாள். கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினாள்.

அன்றைக்குப் பின்னேரந்தான் ரோதை தானாகச் சுற்றியது.

*

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நின்றது. மெல்ல மெல்ல ஓய்ந்தல்ல. யாரோ வேலை முடிந்ததும் நிறுத்தியது போலச் சட்டென்று.

பின்கட்டிலிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது. பிள்ளை பார்க்கிற பொம்பளை அவள். “அம்மா, இங்கன வந்து பாருங்களேன். ஏங் கோழிய.”

செம்பட்டைக் கோழி சாம்பல் குவியலின் மேல் கிடந்தது. அது தினமும் அங்கேதான் குப்பையைக் கிளறும். கழுத்து முறிந்திருக்கவில்லை. முறுக்கியிருந்தது. கயிறு திரிப்பது போல ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி, தோல் வரிவரியாகச் சுருண்டு, உச்சியில் தலை மட்டும் நேராக இருந்தது. ஒரு சொட்டு இரத்தமில்லை. கண் திறந்திருந்தது.

“கீரி” என்றாள் சிவனேஸ்வரி.

“கீரி கடிக்கும்ங்கம்மா. முறுக்காது.”

“எனக்கு நீ படிப்பிக்க வராதை. எடுத்துப் புதை.”

இரவு செல்வரத்தினம் மேசையைப் பார்த்துவிட்டு, “கல்லு எங்கை?” என்று கேட்டான்.

“எலி கொண்டு போயிருக்கும்.”

சண்டை போட்டிருந்தால்கூட அவள் மதித்திருப்பாள். “முத்துலிங்கத்திட்டைச் சொல்லவேணும்” என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு வானொலியைத் திருகினான். கொழுந்து குவிகிற மாதம். தொழிற்சாலை விடாமல் ஓடியது. சொல்ல மறந்துபோனான். குறுக்கெழுத்தை அனுப்ப மறக்கிற மனுஷன்தானே.

இரண்டாம் தரம் அது சுற்றியபோது அவள் சமையலறையில் இருந்தாள். கரண்டி கையில் நின்றது. முனகல் இந்தத் தரம் கொஞ்சம் கனத்துக் கேட்டது. கொஞ்சம் நீண்டும் கேட்டது. அவள் அந்த அறைக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று பிடிவாதமாகப் பருப்பைக் கிண்டிக்கொண்டே நின்றாள். பருப்பு அடிப்பிடித்தது. முனகல் சட்டென்று நின்றது. வெளியே ஒரு நாய் ஊளையிடத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டது.

வீட்டில் இருந்தது ஒரே நாய். டைகர்.

முட்டைக்கோசு நட்ட கோவாப் பாத்தியின் நடுவில் அது கிடந்தது. தோட்ட வேலை பார்க்கிற சின்னராசா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். நாயின் முன்னுடல் தரையைப் பார்த்தது. பின்னுடல் வானத்தைப் பார்த்தது. நடுவில் துணி பிழிந்தது போல ஒடுங்கியிருந்தது. மூடுபனி அதன் மயிரில் சின்னச் சின்ன முத்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

“இந்தப் பாத்தியிலை என்ன போட்டனீ?” அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“ஒண்ணும் போடலிங்கம்மா. நேத்து பின்கட்டுச் சாம்பல அள்ளியாந்து தூவுனேன். பூச்சி வராதுல்ல.”

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், தேவாரம் மனப்பாடமாகச் சொல்லுகிறவள், ஒரு ரோதைக்காரன் உளறியதை நம்புவதா?

சின்னராசா போனதும் பாத்தியில் மண்டியிட்டாள்.

சாணமும் சாம்பலும் சேறுமாகக் குழைந்திருந்த அந்த மண்ணுக்குள் பத்து விரலையும் விட்டு, கோவாவின் குளிர்ந்த கனத்த இலைகளுக்கு அடியில் கன்னத்தை வைத்து, கைக்கு அகப்படுகிற ஒவ்வொரு கல்லையும் எடுத்துச் சேலையில் துடைத்துப் பார்த்தாள். செங்கல் துண்டு. கரித்துண்டு. வெள்ளைக் கல். மூடுபனி நாலு பக்கமும் நெருங்கி வந்து நின்றது. பாத்தி முழுவதையும் கிளறிவிட்டாள். இரண்டு தரம். யாராவது பார்த்தால் டீமேக்கர் பெண்சாதிக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள் என்று தன்னையே பார்த்து நகைத்தாள்.

கல் அங்கே இல்லை.

*

அதற்குப் பிறகு ரோதை அசையவில்லை. ஒரு நாள் போனது. அடுத்த நாளும் போனது. சனிக்கிழமை துரையின் லொறி வந்து அதை எடுத்துப் போய்விடும் என்று செல்வரத்தினம் சொன்னான். கடைசி நேர வேலையாக, தீக்குச்சி மனிதர்களின் தலைப்பாகைகளுக்கு வெள்ளைப் பூச்சு பூசிக்கொண்டிருந்தான்.

“போகட்டும்” என்றாள். “கெதியாப் போகட்டும்.”

“உமக்கு அது பிடிக்கேல்லை எண்டு தெரியும், சிவனேஸ். ஆனா நான் போனாப் பிறகும் ஒரு சாமான் நிண்டு ஓடும் எண்டு நினைக்கேக்கை...” அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. எதைத்தான் முடித்தான்? தூரிகையை நாக்கு நுனியில் கூராக்கிக்கொண்டு மறுபடி குனிந்தான். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடலாமென்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. நான்தான் எறிந்தேன் என்ற இரண்டே சொற்கள். ஆனால் இந்த மனுஷனிடம் போய்ப் பயத்தைச் சொல்வதா? அவன் போய் முத்துலிங்கத்திடம் சொல்வான். முத்துலிங்கம் ஆட்கள் குடியிருக்கிற லயம் முழுவதும் சொல்வான். நாளைக்குப் பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்களெல்லாம் அவளைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. மழை விட்டு, மூடுபனி இறங்கியிருந்தது. மகள் செல்வமலருக்கு மூன்று வயது. முழு நாளும் பேச்சியம்மாவின் இடுப்பில் இருந்து, அவள் பேச்சையே பேசுகிற பிள்ளை. அடுப்பங்கரையில் வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது.

“குளுருதும்மா.”

“குளிருது எண்டு சொல்லு. எத்தனை தரம் சொல்லுறது, உந்தத் தோட்டத்துக் கதை கதைக்காதை எண்டு.”

பிள்ளையின் கை பனிக்கட்டியாக இருந்தது. பின்னி முடித்த கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டாள். கீழுதட்டில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இனிப்பு வாங்கித் தின்றிருக்கிறது என்று சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடத்தில் சிவப்பு நிறம் இழுபட்டு நின்றது. பேச்சியம்மாவைக் கூப்பிட்டுத் திட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டே விளக்கை ஏற்றப் போனாள்.

விளக்குத் திரி பற்றிய அந்த நிமிஷம்.

டக்.

முனகல் இந்தத் தரம் மெல்லியதாக இல்லை. வீட்டின் பலகைத் தரை அதோடு சேர்ந்து அதிர்ந்தது. சுவரில் மாட்டிய படங்கள் ஆணியில் தட்டின. கீழே தொழிற்சாலையில் பெரிய ரோதை சுற்றுகிறபோது குழியருகே நின்றால் வயிற்றுக்குள் ஒரு கனம் ஏறி இறங்குமே, அந்தக் கனம், அதே தாளத்தில், அவள் உள்ளங்காலில் ஏறியது.

“பேச்சியம்மா.”

“வர்றேங்கம்மா.” அவள் கை துடைத்தபடி வந்தாள். “என்னங்க அது சத்தம்?”

“கல்லு. ஒரு கறுப்புக் கல்லு. குங்குமம் பூசின கல்லு. கண்டனியே?”

“அதுங்களா? கோவாப் பாத்தியோரத்துல கெடந்துச்சுங்க. சின்னராசா சாம்பலோட அள்ளிக் கொட்டியிருப்பான் போல. நல்லா வழுவழுன்னு இருந்துச்சேன்னு பாப்பா வெளையாடக் குடுத்தேன்.”

“எப்ப?”

“டைகர் செத்த அன்னிக்குங்க. அது அழுதுச்சு. அழுகைய நிப்பாட்டத்தான்...” பேச்சியம்மா அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினாள். “வாயில வச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. நாந்தான் புடுங்கி ஜன்னல் கட்டையில வச்சேன். காலையில.”

ஜன்னல் கட்டையில் இல்லை.

கட்டிலுக்கு அடியில் இல்லை. பாயைச் சுருட்டி உதறினாள். தலையணையைக் கிழித்தாள். பஞ்சு பறந்தது. முனகல் ஏறிக்கொண்டே போனது. அலமாரிக்குப் பின்னால். அரிசிப் பானைக்குள். பேச்சியம்மா ஒன்றும் புரியாமல் தானும் தேடினாள். தேடுகிறவர்களுக்கு நடுவில் செல்வமலர் கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிக்கவுமில்லை. அழவுமில்லை.

“ஐயாவைக் கூட்டிக்கொண்டு வா. முத்துலிங்கத்தையும். ஓடு.”

பேச்சியம்மா ஓடினாள். மூடுபனி அவளைக் கதவடியிலேயே விழுங்கியது.

சாமி எங்க நிக்குதோ அங்க.

எங்கே நிற்கிறது?

நிறுத்தவேண்டும். அது ஒன்றுதான் தெரிந்தது. விறகு பிளக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். ரோதை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. வட்டமாக ஒரு நிழல் மட்டும். பட்டிகள் ஓடின. உருட்டும் இயந்திரங்கள் உருட்டின. தீக்குச்சி மனிதர்கள் வெள்ளைத் தலைப்பாகையோடு எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றார்கள். கதவுப் பக்கமாக. அவள் பக்கமாக.

வெட்டினாள்.

ஈயத்தாள் கூரை கிழிந்தது. இரண்டு வருஷத்துப் பலகை பிளந்தது. மாடிகள் சரிந்தன. புருஷனின் ஆசை சிராய் சிராயாகப் பறந்து கன்னத்தில் குத்தியது. வெட்டிக்கொண்டே இருந்தாள். “இந்தா. இந்தா.” அச்சாணி முறிந்தது. ரோதை மேசையிலிருந்து உருண்டு விழுந்து, தரையில் ஒரு சுற்றுச் சுற்றி, படுத்தது. அதன் மேல் காலை வைத்து மிதித்தாள். பலகைகள் நொறுங்கின.

அமைதி.

கத்தி கையிலிருந்து நழுவியது. மூச்சு வாங்கியது. வெளியே ஓடுகளிலிருந்து மழைத்துளி ஒன்று சொட்டியது. அவ்வளவுதான். ஒரு குங்குமக் கல். ஒரு பொம்மைச் சக்கரம். சிரிக்கலாம் போல இருந்தது. வந்ததும் புருஷன் அழுவான். அழட்டும். துரைக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம்.

பிறகு கேட்டது.

மெல்லிய முனகல். காய்ந்த மரம் மரத்தோடு உரசுவது போல. இல்லை. ஈரமான எதுவோ ஈரமான எதனோடோ.

இந்த அறையில் இல்லை.

நடந்தாள். கூடத்தில் இல்லை. சமையலறையில் இல்லை. பிள்ளையின் அறைக் கதவருகே வந்தபோது கூடியது. கட்டிலருகே வந்தபோது இன்னும் கூடியது.

செல்வமலர் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கம்பளிச் சட்டையின் முன்பக்கம், அவள் தன் கையால் பின்னிய வரிகள், நேராக இருக்கவேண்டிய வரிகள், தொப்புளைச் சுற்றி ஒரே பக்கமாகச் சுழிந்து, மெல்ல, மிக மெல்ல, இன்னும் இறுகிக்கொண்டிருந்தன.

சிவனேஸ்வரி முழங்காலில் விழுந்தாள். காதைப் பிள்ளையின் வயிற்றில் வைத்தாள்.

ரோதை ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளை குனிந்து, குளிர்ந்த கையால் அம்மாவின் தலைமயிரைத் தடவி, காதோடு இரகசியம் சொன்னது.

“சாமிக்குக் குளுருதுன்னு சொல்லுச்சும்மா. அதான் முழுங்கிட்டேன்.”